விற்ற அரிவாள் பழுதுக்குத் திரும்பி வருகிற பட்டறையாகப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது. உங்கள் தம்பிக்கு 18 வயது முடிந்துவிட்டது, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு போதும் என்கிறான், இரும்பு வேலை கற்றுக்கொள்ள ஆசை. ஊரில் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. டவுனில் அரிவாளும் மண்வெட்டியும் மொத்தமாகச் செய்து கடைகளுக்கு அனுப்புகிற பட்டறை ஒன்று இருக்கிறது, அங்கே பவர் ஹாமர், அதாவது மோட்டாரில் ஓடுகிற சம்மட்டி எல்லாம் உண்டு. எதில் சேர்ப்பது, முதலில் என்ன கற்றுத் தருவார்கள், எவ்வளவு நாளில் தொழில் கைக்கு வரும்?

ஊர்ப் பட்டறையில் சேருங்கள். காரணம் பாரம்பரியம், பழமை என்பதெல்லாம் இல்லை. நான் சிவகங்கைப் பக்கம் பெரியப்பாவின் பட்டறையில் வளர்ந்து, பிறகு கோயம்புத்தூரில் இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்குகிற ஃபோர்ஜிங் ஆலையில், சூடாக்கிக் குளிரவைத்துக் கடினம் ஏற்றுகிற ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்தவன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. மொத்தமாகச் செய்கிற இடத்தில் சாமான் வாசலைத் தாண்டிப் போனதோடு சரி, அது வயலில் என்ன ஆனது என்று அடித்தவனுக்குத் தெரியாது. ஊர்ப் பட்டறையில் அடித்துக்கொடுத்த அரிவாள் அடுத்த போகத்துக்குள் திரும்பி வரும், வாய் மழுங்கி, இல்லை உடைந்து, கூடவே வைக்கோல் தூசியோடு ஒரு விவசாயி நின்று திட்டுவார். அந்தத் திட்டுதான் படிப்பு. கற்றுக்கொள்கிறவனுக்குப் புதுச் சாமானைவிடப் பழுது சாமான் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

எப்படி என்று கேட்பீர்கள். அரிவாளின் வாயில் பொக்கை பொக்கையாக விழுந்திருந்தால் அது தேவைக்கு மேல் கடினமாகிவிட்டது, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த பிறகு மறுபடி லேசாகச் சூடு காட்டிக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அந்தப் பதம் சரியாக இறக்கவில்லை. வாய் ஒரு பக்கமாக மடங்கியிருந்தால் கடினம் போதவில்லை, காய்ச்சிய சூடு குறைவு அல்லது இரும்பே சரியில்லை. குறுக்காக மயிரிழை அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தால் சூடு அதிகம், தண்ணீர் அதிகக் குளிர்ச்சி, இரண்டில் ஒன்று. பிடிக்குள் போகிற வால் தொடங்குகிற இடத்தில் முறிந்திருந்தால் அந்த மூலையைச் சரேலென்று செங்கோணமாக வெட்டியிருப்பார்கள், கொஞ்சம் வளைவு விட்டிருந்தால் முறிந்திருக்காது. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினால் இன்னும் தெரியும். நன்றாகக் காய்ச்சித் தோய்த்த எஃகின் முறிவு மங்கலான சாம்பல் நிறத்தில், மணல் போடாத சுண்ணாம்புப் பூச்சு மாதிரி நைஸாக இருக்கும். சூடு எல்லை மீறிப் போனது பருபருவென்று மின்னும். ஒரு பையன் இப்படிப் பல முறிவுகளைப் பார்த்துவிட்டால், தான் அடிக்கிறபோது கை தானாக அடங்கும்.

ஆகவே சேர்க்கிற முன்னால் அந்தப் பட்டறையில் ஒரு காலைப் பொழுது சும்மா உட்கார்ந்து பாருங்கள். வருகிற ஆட்கள் ‘காய்ச்சி அடித்துக் கொடுங்க’ என்று பழைய சாமானோடு வருகிறார்களா, ஆசாரி அதைக் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரா, ‘எதை வெட்டினீங்க?’ என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்கிறவர் என்றால் அவரிடம் சேர்க்கலாம். உலையே பற்றவைக்காமல் நாளெல்லாம் கேட்டும் கிரில்லும் வெல்டிங் அடிக்கிற இடம் என்றால் அதுவும் நல்ல பிழைப்புதான், ஆனால் அங்கே கற்றுக்கொள்வது வேறு தொழில்.

அடுத்தது, முதலில் என்ன கற்றுத் தருவார்கள் என்ற கேள்வி. முதலில் எதுவும் கற்றுத் தர மாட்டார்கள். கூட்டச் சொல்வார்கள், கரி உடைக்கச் சொல்வார்கள், டீ வாங்கி வரச் சொல்வார்கள். தம்பிக்கு முதல் மாதம் கோபம் வரும். டீ விஷயத்தில் அவன் கோபம் நியாயம்தான். கரி உடைப்பதில் அந்தக் கோபம் நியாயமில்லை, ஏனென்றால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

தெற்கு மாவட்டங்களில் பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரிதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டுச் சுட்டு மூட்டை மூட்டையாக வரும். பெரிய கட்டியாகப் போட்டால் இடையில் காற்று வீணாகப் போகும், தூளாகப் போட்டால் காற்று ஏறாமல் புகையும். நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை இருந்தால் உலை ஒரே சீராக எரியும். தூளைச் சல்லடையில் தனியே எடுத்துவிட வேண்டும். உலையின் ஓரங்களில் அவ்வப்போது தண்ணீர் தெளித்து, தீ நடுவில் மட்டும் நிற்கும்படி ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரி வீணாகப் பற்றிப் பரவும், மாதக் கடைசியில் ஆசாரியின் கணக்கு உதைக்கும்.

இப்போது துருத்தி ஊதுகிறவர் அநேகமாக எங்கும் இல்லை, காற்று ஊதுகிற மோட்டார் வந்துவிட்டது. அதனால் வந்த கெடுதல் ஒன்று உண்டு. தோல் துருத்தியையோ கையால் சுற்றுகிற சக்கரத்தையோ ஊதியவனுக்குக் காற்றின் அளவு கையிலேயே தெரியும். மோட்டாரில் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். காற்று அதிகமானால் தீ பளபளவென்று எரியும், பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே இரும்பு வீணாகும். மேல்பரப்பு செதில் செதிலாகக் கழன்று கொட்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் நுனி பொறிப் பூவாகத் தெறிக்கும். அப்படித் தெறித்துவிட்டால் அந்த நுனி போனதுதான், வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. காற்றுக்குழாயின் வாய்க்கு நேரே இரும்பைச் செருகக் கூடாது. குழாய்க்கு மேலே ஒரு பிடி அளவு தணல் இருக்க, அதற்கும் மேலே இரும்பைப் படுக்க வைத்து, அதன்மேல் கரி மூடி இருக்க வேண்டும். காற்று தணலில் எரிந்து முடித்த பிறகுதான் இரும்பைத் தொட வேண்டும். இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தாலே தம்பி பாதிக் கொல்லன்.

நிறம் பார்ப்பது அடுத்த பாடம். பட்டறையை ஏன் இருட்டாக, தாழ்வான கூரை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். வெயிலில் சிவப்பு தெரியாது, அதனால்தான். கரும்சிவப்பு என்றால் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ், அதில் அடிக்கக் கூடாது. செக்கச்செவேல் என்றால் 750 முதல் 800. ஆரஞ்சு ஏறினால் 900க்கு மேல், மஞ்சள் என்றால் 1100 பக்கம். அரிவாள், மண்வெட்டி வேலையெல்லாம் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் நடக்கும். இரண்டு துண்டை உலையிலேயே ஒட்டவைக்கிற வேலைக்கு மட்டும் வெளுப்பு வரை, 1250க்கு மேல், போக வேண்டும். முன்னெல்லாம் கோடாலியின் உடம்பு மெல்லிரும்பு, வாய்க்கு மட்டும் ‘உருக்கு வைத்து’ ஒட்டுவார்கள், இடையில் வெங்காரம் (போராக்ஸ் பொடி) தூவி. இப்போது முழுவதும் ஒரே எஃகுப் பட்டையில் வந்துவிடுவதால் அந்த வேலை அருகிவிட்டது. உங்கள் ஊர் ஆசாரி வயதானவர் என்றால் அவருக்கு அது தெரிந்திருக்கலாம். ஒரு தடவையாவது செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சம்மட்டி பிடிக்கிறது மூன்றாவது. இது ஆள் பலத்து வேலை என்று நினைப்பார்கள். ஆசாரி இடக் கையில் குறடால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலக் கையில் உள்ள சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். எங்கே தட்டினாரோ அங்கே, தட்டிய சாய்வில், சம்மட்டி விழ வேண்டும். அவர் லேசாகத் தட்டினால் லேசாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி. அவர் சுத்தியல் இரும்பை விட்டு, அதை வைத்து அடிக்கிற அடைகல்லின் மேல் ‘டிங்’ என்று விழுந்தால் நிறுத்து என்று அர்த்தம். பேச்சே கிடையாது. சூடு இருப்பது கொஞ்ச நேரம்தான், அதற்குள் பேசிக்கொண்டிருக்க முடியாது. சம்மட்டி 3 கிலோவிலிருந்து 5 கிலோ வரை இருக்கும். புதுப்பையனுக்கு 3 கிலோ போதும், பெரியதைத் தூக்கிக் காட்டுகிறேன் என்று தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கைச்சுத்தியல் 1 கிலோ பக்கம் போதும். பிடி இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் முழங்கைக்கு வரும், சில மாதத்தில் வலி நிரந்தரமாகிவிடும். அடிக்கிற கணத்தில் மட்டும் பிடித்து, எழும்புகிறபோது தளர விட வேண்டும்.

தானே தனியாகச் செய்கிற முதல் சாமான் கொக்கியாகவோ நாதாங்கிக் கொண்டியாகவோ இருக்கும். கொக்கி அற்பமாகத் தெரியும், ஆனால் முனை கூராக நீட்டுவது, வளைப்பது, தட்டையாக்குவது, துளை போடுவது என்று நாலு வேலையும் அதிலேயே இருக்கிறது. கொக்கி ஒழுங்காக வந்தால் உளி, அப்புறம் தனக்கென்று ஒரு குறடு. தன் கைக்குத் தானே செய்த குறடு இல்லாமல் யாரும் ஆசாரி ஆவதில்லை. பிடி போடுவதையும் இந்தச் சமயத்தில் கற்றுக்கொள்வான். வாலைச் சூடாக்கிக் கட்டைக்குள் இறக்கி, பூண் அடித்து, ஆட்டம் இல்லாமல் உட்காரவைப்பது லேசில்லை. அரிவாளைவிட முதலில் ஆடுவது பிடிதான், ஆட்கள் அதிகம் திட்டுவதும் அதற்குத்தான்.

தோய்ச்சல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலின் உயிர் அங்கேதான். கல் உடைக்கிற உளியை எடுத்துக்கொள்வோம். நுனியிலிருந்து நாலு விரற்கடை நீளத்துக்குச் செக்கச்செவேல் என்று ஆக்க வேண்டும். சூடு போதுமா என்பதற்குக் கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை, கயிற்றில் கட்டிய காந்தத்தை அருகில் காட்டினால் ஒட்டாது. இரும்பு 770 டிகிரி பக்கம் காந்தத்தை விட்டுவிடும், அதற்குச் சற்று மேலே போனால் தோய்க்கிற சூடு. இப்போது நுனியை மட்டும், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு, தண்ணீரில் இறக்கி லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மட்டத்தில் நிறுத்திவைத்தால் தண்ணீர் மட்டத்திலேயே வெடிப்பு விழும். சிவப்பு அடங்கியதும் வெளியே எடுத்து, செங்கல் துண்டால் நுனியைச் சரசரவென்று தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். பின்பக்கம் இன்னும் சூடு இருக்கிறது அல்லவா, அது மெதுவாக நுனிக்கு நடந்து வரும். தேய்த்த இடத்தில் நிறம் ஓடுவது தெரியும். முதலில் வைக்கோல் மஞ்சள், 220 டிகிரி. பிறகு பழுப்பு, 260 பக்கம். அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியாக நீலம், 300 பக்கம். உளியின் முனைக்குப் பழுப்பிலிருந்து கத்தரிப்பூ நிறம் வருகிறபோது முழுவதையும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் நீலம் வந்துவிடும், உளி கல்லில் மடங்கும். அவசரப்பட்டு மஞ்சளிலேயே போட்டால் கல்லில் பட்டதும் நுனி தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும்.

மாமல்லபுரம் போல் கல் வேலை நடக்கிற ஊர்ப் பக்கம் உறவு யாராவது இருந்தால் தம்பியைச் சில வாரம் அனுப்பிவையுங்கள். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும், காய்ச்சி முனை அடித்துத் தோய்க்கிற வேலை திரும்பத் திரும்ப நடக்கும். இப்போது கார்பைடு முனை வைத்த உளியும் நிறைய வந்துவிட்டது, இருந்தாலும் பழைய வகை உளி இன்னும் போய்விடவில்லை.

அரிவாளுக்கு அநேகமாக லாரியின் வில் பட்டைதான். அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும், தோய்த்தால் கடினமாகும், அதே சமயம் சட்டென்று முறியாது. கட்டட வேலைக் கம்பியில் அரிவாள் அடித்தால் அழகாக வரும், வெட்டாது. எது எஃகு, எது மெல்லிரும்பு என்பதைச் சாணையில் வைத்துப் பார்த்தால் பொறியே சொல்லிவிடும். மெல்லிரும்பின் பொறி நீளக் கோடாக ஓடும். கார்பன் ஏற ஏற நுனியில் கிளை கிளையாக வெடிக்கும். பழைய அரத்தைப் பிடித்தால் கையருகிலேயே மத்தாப்பு. வில் பட்டையை எண்ணெயில் தோய்ப்பது பத்திரம். தண்ணீரில் தோய்க்கிற ஆசாரிகள் வாய் ஓரத்தை மட்டும் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள், முதுகு மிருதுவாகவே நிற்கும். கதிர் அரிவாள் என்றால் தட்டி முடித்து, தோய்ப்பதற்கு முன்னால் கருக்கு வெட்ட வேண்டும், பல் எல்லாம் ஒரே சாய்வில் விழ வேண்டும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அந்த வேலை பெரிதும் குறைந்துவிட்டது. பாளை சீவுகிற பாளை அரிவாள் வேறு ஜாதி, எடை குறைவு, வாய் சவரக்கத்தி மாதிரி. அதைச் செய்யத் தெரிந்தவரிடம் கற்றால் தென்னை இருக்கிற ஊரில் பட்டினி கிடையாது.

பாதுகாப்பைப் பற்றி ஊர்ப் பட்டறையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேண்டும். பருத்திச் சட்டை, பருத்திக் கைலி அல்லது பேண்ட். பாலியெஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், தோல் ஷூ வாங்கிக் கொடுங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் சேர்த்தே சில நூறு ரூபாய்தான். ‘ஆசாரி போடவில்லையே’ என்பான். ஆசாரிக்கு இப்போது எந்தக் காது கேட்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சிவந்த இரும்பால் புதியவர்கள் சுட்டுக்கொள்வது அபூர்வம், பயம் இருக்கும். சிவப்பு அடங்கிக் கறுத்துக் கிடக்கிற இரும்பு 400 டிகிரியில்கூடச் சாதாரணமாகத்தான் தெரியும், அதைத்தான் எடுத்துவிடுவார்கள். தரையில் கிடக்கிற எதையும் தொடும் முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும். சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம், பேஸ்டும் வேண்டாம் மையும் வேண்டாம். ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய குழாயை, உலையில் போடவே கூடாது, துத்தநாகப் புகை ராத்திரி காய்ச்சலும் நடுக்கமுமாகப் படுக்கவைத்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்த குழாய் வெடிக்கும்.

சட்டப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 18 வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. உங்கள் தம்பி 18 முடித்தவன் என்பதால் சிக்கல் இல்லை. இதைப் படிக்கிற வேறு யாராவது பத்தாம் வகுப்புப் பையனைச் சம்மட்டிக்கு அனுப்ப நினைத்தால் வேண்டாம்.

தென் மாவட்டம் என்றால் இன்னொன்றும் சொல்லி அனுப்ப வேண்டும். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தமிழ்நாடே அறியும், எல்லாம் நல்ல விதமாக இல்லை. 2021இல் அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகள் வாங்குகிறவர் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழகக் காவல்துறை சொன்னது. நீளமாக, பிடி இரண்டு கைக்கு வருகிற மாதிரி, ‘சாமிக்கு நேர்த்திக்கடன்’ என்று கேட்டு முன்பின் தெரியாத நாலு பேர் வந்தால் அதை அடிக்காமல் அனுப்பத் தெரிவதும் தொழிலில் சேர்த்திதான். நோட்டு வைத்து எழுதுகிற ஆசாரியிடம் சேர்ப்பது எல்லா வகையிலும் நல்லது.

‘நாங்கள் அந்தச் சமூகம் இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா?’ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். இந்தத் தொழில் குடும்பத்துக்குள்ளேயே வழிவழியாக வந்தது உண்மை. ஆனால் இன்றைக்குப் பல ஆசாரிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சம்மட்டி அடிக்க ஆள் இல்லாமல் மனைவியே நின்று அடிக்கிற பட்டறைகள் உண்டு. உழைக்கிற பையன் வந்து நின்றால் வேண்டாம் என்கிறவர் குறைவு. களத்துமேட்டில் நெல் வாங்கிக்கொண்டு ஊருக்கே வேலை செய்த காலம் போய்விட்டது, கலப்பையோடு கொழு வேலையும் போய்விட்டது, கடைகளில் டாடா அக்ரிக்கோ மண்வெட்டி வரிசையாகத் தொங்குகிறது. இப்போது பட்டறையில் மிச்சம் இருப்பது பழுது வேலையும், கடைச் சாமான் கைக்குப் பொருந்தாதவர்களுக்குச் செய்துகொடுக்கிற வேலையும்தான். தென்னை ஏறுகிறவர், கறிக்கடைக்காரர், கிணறு வெட்டுகிறவர், கல் உடைக்கிறவர். இந்த நாலு பேரையும் பிடித்து வைத்திருக்கிற பட்டறை நிற்கும்.

அரசு உதவியை நம்பி இறங்க வேண்டாம். மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லு வேலையும் உண்டு, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிறகு கடன். ஆனால் தமிழக அரசு அதை ஏற்கவில்லை, 18 வயதிலேயே பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குத் திருப்பிவிடும் என்பது அதன் ஆட்சேபம். 2025இல் மாநிலம் தானே கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம் என்று அறிவித்தது, குறைந்தபட்ச வயதை 35 என்று வைத்தது. யார் சொல்வது சரி என்ற விவாதத்தை விட்டுவிடுங்கள், தம்பி கற்றுக்கொள்கிற இந்த வருடங்களுக்கு இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

எவ்வளவு நாள் ஆகும்? தீ பிடிபட ஆறு மாதம். சாதாரணச் சாமான் தனியாகச் செய்ய ஒரு வருடம். தோய்ச்சலை ஆசாரி பக்கத்தில் இல்லாமல் செய்ய இரண்டு மூன்று வருடம். முதல் வருடம் முடிந்ததும் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேரச் சொல்வேன், ஒரு வருடப் படிப்புதான். உலையும் வெல்டிங்கும் இரண்டும் தெரிந்தவனுக்குக் கோயம்புத்தூர், ஓசூர் ஆலைகளிலும் இடம் உண்டு, ஊரிலேயே உட்கார்ந்தாலும் கேட் வேலை கைகொடுக்கும்.

கூலியை முதல் நாளே பேசிவிடுங்கள். ‘கற்றுக்கொள்கிற பையனுக்கு என்ன சம்பளம்’ என்பார்கள். முதல் மூன்று மாதம் சாப்பாடும் பேருந்துக் காசும், அதற்கு மேல் சம்மட்டி அடிக்கிற நாளுக்கு உள்ளூர்க் கூலியில் பாதி, ஒரு வருடம் கழித்து முழுக்கூலி என்று கேட்டால் அது நியாயமான பேச்சு. மாலையில் வேலை முடிந்த பிறகு உலையில் மிச்சம் இருக்கிற தீயில் அரை மணி நேரம் தனக்காக அடித்துப் பழக அனுமதி உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கரிக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.